எதிராளியின் தரகருக்கும் நானா கூலி கொடுப்பது?

அமெரிக்காவைக் கலக்கிய வீட்டுக் கமிஷன் வழக்கு

அமெரிக்காவில் ஒருவர் தம் வீட்டை விற்றார் என்று வைத்துக்கொள்வோம். விலை 4 லட்சம் டாலர். பெரிய பங்களா என்று நினைத்துவிட வேண்டாம். அந்த நாட்டில் நடுத்தரக் குடும்பம் வாங்கும் சாதாரண வீட்டுக்கே இப்போது ஏறக்குறைய இந்த விலை ஆகிறது.

வீடு கைமாறிய அன்று கணக்குச் சீட்டு வருகிறது. அதில் ஒரு வரி: "தரகுக் கமிஷன் 24 ஆயிரம் டாலர்."

நூற்றுக்கு 6 வீதம்! ஒரு டாலர் நம் பணத்தில் 80 ரூபாய்க்கு மேல். ஆகவே, கமிஷன் மட்டும் சுமார் 20 லட்சம் ரூபாய்!

பணக்கார நாடு, பெரிய கமிஷன் என்று விட்டுவிடலாம். ஆனால் அந்த 24 ஆயிரமும் அவருடைய தரகருக்குப் போகவில்லை. பாதிதான் போயிற்று. மறு பாதி யாருக்கு?

வீட்டை வாங்க வந்தவரின் தரகருக்கு!

அந்தத் தரகர் என்ன செய்தார்? "கூரை பழசாகிவிட்டது. விலையைக் குறையுங்கள்" என்றார். "சமையல் அறையைப் புதுப்பிக்க வேண்டும். 10 ஆயிரம் தள்ளுங்கள்" என்றார். வாங்குபவருக்காகப் பேரம் பேசுவது அவர் வேலை. அதில் தப்பில்லை. ஆனால் அந்த வேலைக்குக் கூலி கொடுத்தவர் விற்றவர்!

நம்மீது வழக்குப் போட்டவருடைய வக்கீலுக்கும் நாமே பீஸ் கொடுத்தால் எப்படி இருக்கும்? அமெரிக்காவில் பல ஆண்டுகளாக இப்படித்தான் வீடு விற்றார்கள். "ஏன்?" என்று கேட்டவர்களுக்கு, "இதுதான் வழக்கம்" என்று பதில் வந்தது.

2019-ம் ஆண்டில் வீடு விற்ற சிலர் இந்தக் கேள்வியைக் கோர்ட்டில் கேட்டார்கள். 2023-ல் தீர்ப்பு வந்தது. அதன்பிறகு, 2024 ஆகஸ்டு 17-ந் தேதி முதல், அமெரிக்காவில் வீட்டுத் தரகர்களுக்குச் சம்பளம் கொடுக்கும் முறையே மாறிவிட்டது.

நம் ஊர்ப் பிள்ளைகள் பலர் அங்கே வேலை பார்க்கிறார்கள். வீடும் வாங்குகிறார்கள். "வீடு பார்க்கப் போனேன். உள்ளே போவதற்கு முன்பே தரகர் ஒரு காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்கிறார். போடலாமா?" என்று மகன் போனில் கேட்டால், அப்பாவுக்கும் அம்மாவுக்கும் விஷயம் தெரிந்திருக்க வேண்டாமா?

கூட்டுப் பட்டியல்

நம் ஊரில் ஒரு வீடு விலைக்கு வந்தால், அது ஒரு தரகருக்குத் தெரியும். அவர் இன்னொரு தரகரிடம் சொல்வார். டீக்கடையில் பேச்சு நடக்கும். அமெரிக்காவில் அப்படி இல்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் தரகர்கள் சேர்ந்து ஒரு கூட்டுப் பட்டியல் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்கு வரும் வீடுகளில் பெரும்பாலானவை அதில் ஏறும். எத்தனை அறை, என்ன விலை, எப்போது பார்க்கலாம் என்ற விவரம் எல்லாம் இருக்கும். இந்தக் காலத்தில் அது கம்ப்யூட்டரில் இருக்கிறது.

பட்டியலில் ஏறாத வீட்டை யாரும் எட்டிப் பார்ப்பது அரிது. ஆகவே, வீடு விற்பவருக்கு அந்தப் பட்டியல்தான் கடைத்தெரு.

அந்தப் பட்டியல்களில் பெரும்பாலானவை தேசிய ரியல் எஸ்டேட் தரகர் சங்கத்தின் விதிகளின்படி நடப்பவை. 1908-ல் சிகாகோவில் தொடங்கிய சங்கம் அது. இன்று சுமார் 15 லட்சம் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவின் மிகப் பெரிய தொழில் சங்கங்களில் அதுவும் ஒன்று.

1990-களிலிருந்து அந்தச் சங்கத்தில் ஒரு விதி இருந்தது. ஒரு வீட்டைப் பட்டியலில் ஏற்ற வேண்டுமானால், வாங்குபவரைக் கூட்டி வரும் தரகருக்கு என்ன பங்கு என்பதையும் கூடவே அறிவித்துவிட வேண்டும். அந்தத் தரகர் யார் என்று அப்போது தெரியாது. அவர் நன்றாக வேலை செய்வாரா என்றும் தெரியாது. ஆனால் அவருடைய கூலி முன்கூட்டியே முடிவாகிவிடும்!

"கட்டாயம் இவ்வளவு கொடு என்று நாங்கள் சொல்லவில்லையே! ஒரே ஒரு காசு கொடுப்பதாகக்கூட எழுதலாமே!" என்பது சங்கத்தின் வாதம். எழுதலாம்தான். எழுதினால் என்ன ஆகும்? அதைப் பின்னால் பார்ப்போம்.

பத்தாயிரத்தில் நூற்றைம்பது

முதலில் அந்த 24 ஆயிரம் டாலர் எங்கே எங்கே போகிறது என்று பார்க்கலாம்.

விற்பவரின் பக்கத்துக்கு 12 ஆயிரம். வாங்குபவரின் பக்கத்துக்கு 12 ஆயிரம். அங்கே தரகர்கள் தனி ஆளாகத் தொழில் செய்வதில்லை. லைசென்சு பெற்ற ஒரு தரகுக் கம்பெனியின் கீழ்தான் வேலை செய்ய வேண்டும். கம்பெனிக்கு ஒரு பங்கு உண்டு. எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் மாறும். கணக்குக்குப் பாதி என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் வீட்டை விற்றுக் கொடுத்த தரகர் கையில் நிற்பது 6 ஆயிரம்.

அதிலும் அவருக்குச் செலவு உண்டு. போட்டோ எடுக்க வேண்டும். விளம்பரம் செய்ய வேண்டும். கார் ஓட்டி ஊரெல்லாம் அலைய வேண்டும். மாதச் சம்பளம் கிடையாது. மூன்று மாதம் அலைந்தும் வீடு விற்கவில்லை என்றால் ஒரு காசும் கிடையாது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

இப்போது ஒரு சின்னக் கணக்கு. வீட்டுக்கு 3 லட்சத்து 90 ஆயிரம் தர ஒருவர் தயார். இன்னும் இரண்டு வாரம் பொறுத்தால் 4 லட்சத்துக்கே போகும் என்று தரகருக்குத் தோன்றுகிறது. பொறுக்கலாமா?

வீட்டுக்காரருக்கு லாபம்: 10 ஆயிரத்தில் கமிஷன் 600 போக, 9 ஆயிரத்து 400 டாலர்.

தரகருக்கு லாபம்: 600-ல் பாதி 300. அதில் கம்பெனிக்குப் பாதி. மீதி 150 டாலர்!

150 டாலருக்காக அவர் இரண்டு வாரம் காத்திருப்பாரா? "நல்ல விலை வந்திருக்கிறது, விட்டுவிடாதீர்கள்" என்றுதான் சொல்லத் தோன்றும்.

இது வெறும் ஊகம் என்று நினைக்க வேண்டாம். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதாரப் பேராசிரியர்கள் சிகாகோ வட்டாரத்தில் சுமார் 1 லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்தார்கள். 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது என்ன செய்கிறார்கள்? ஊரார் வீட்டை விற்கும்போது என்ன செய்கிறார்கள்? இதுதான் ஆராய்ச்சி.

சொந்த வீடு என்றால், அதேபோன்ற ஊரார் வீட்டைவிட ஒன்பதரை நாள் அதிகம் காத்திருந்தார்கள். விலையும் நூற்றுக்கு 3.7 வீதம் அதிகம் கிடைத்தது!

4 லட்சம் டாலர் வீட்டில் 3.7 வீதம் என்றால் 14 ஆயிரத்து 800 டாலர். தரகர்கள் கெட்டவர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. முழு லாபமும் தன் கைக்கு வரும்போது மனிதன் பொறுமையாக இருக்கிறான். நூற்றுக்கு ஒன்றரைதான் வரும் என்றால் அடுத்த வீட்டைப் பார்க்கப் போய்விடுகிறான். அவ்வளவுதான்.

பழைய கதை

கமிஷன் தகராறு அமெரிக்காவுக்குப் புதிது அல்ல. 1950-லேயே சுப்ரீம் கோர்ட்டு வரை போயிருக்கிறது.

தலைநகர் வாஷிங்டனில் இருந்த தரகர் சங்கம், "இந்த ரேட்டுக்குக் குறைந்து யாரும் கமிஷன் வாங்கக் கூடாது" என்று உறுப்பினர்களுக்கு விதி போட்டிருந்தது. சர்க்கார் வழக்குத் தொடுத்தது. வியாபாரிகள் கூடிப் பேசி விலை வைப்பதைத் தடுக்க அமெரிக்காவில் 1890-ல் வந்த சட்டம் ஒன்று உண்டு. அந்தச் சட்டம் தரகர்களுக்கும் பொருந்தும் என்று 1950-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புக் கூறியது.

அதன்பிறகு ரேட்டை எழுதிவைக்க முடியாமல் போயிற்று. ஆனால் ரேட்டு போகவில்லை! எந்தச் சட்டத்திலும் இல்லாத 5 வீதமும் 6 வீதமும் அப்படியே நின்றன. கடை கடையாக ஏறி இறங்கினாலும் ஒரே விலை சொன்னால் வாங்குகிறவர் என்ன செய்வார்? அதுதான் நியாய விலை என்று நம்பிவிடுவார்.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. 1990-கள் வரையில், வாங்குபவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வீடு வீடாகக் காட்டிய தரகர், சட்டப்படி பெரும்பாலும் விற்பவரின் ஆள்! விற்பவருடைய தரகருக்கு அவர் துணைத் தரகர். வாங்குபவருக்கோ இது தெரியாது. "என்னால் இன்னும் 20 ஆயிரம் கூடக் கொடுக்க முடியும். ஆனால் சொல்லாதீர்கள்" என்று அவரிடம் மனம் விட்டுப் பேசுவார். துணைத் தரகரின் கடமையோ, அதை விற்பவரிடம் போய்ச் சொல்வது!

வியாபாரத்தைக் கண்காணிக்கும் மத்திய சர்க்கார் அமைப்பு ஒன்று 1983-ல் இதை விசாரித்து அறிக்கை வெளியிட்டது. வீடு வாங்கியவர்களில் பெரும்பாலோர், தங்களைக் கூட்டிப் போன தரகர் தங்களுக்காகவே வேலை செய்கிறார் என்று நம்பியிருந்தார்கள்.

அதன்பிறகுதான் வாங்குபவருக்குத் தனித் தரகர் என்ற முறை வந்தது. ஆள் மாறினார். கூலி மட்டும் பழைய வழியிலேயே, விற்பவர் பையிலிருந்தே வந்துகொண்டிருந்தது. அதற்காகப் போட்ட விதிதான், மேலே சொன்ன பட்டியல் விதி.

குறைத்தால் என்ன ஆகும்?

"ஒரு காசு என்றுகூட எழுதலாமே" என்று சங்கம் சொன்னதல்லவா? அப்படிக் குறைத்து எழுதியவர்கள் கதி என்ன?

பாஸ்டன் நகரைச் சுற்றியுள்ள பகுதியில், 1998 முதல் 2011 வரை பட்டியலில் ஏறிய 6 லட்சத்துக்கும் அதிகமான வீடுகளைச் சில பொருளாதார நிபுணர்கள் ஆராய்ந்தார்கள். 2017-ல் முடிவு வந்தது. வாங்குபவரின் தரகருக்கு இரண்டரை வீதத்துக்குக் குறைவாகக் கொடுக்க முன்வந்த வீடுகள் விற்பனை ஆவது நூற்றுக்கு 5 வீதம் குறைந்தது. விற்ற வீடுகளுக்கும் நூற்றுக்கு 12 வீதம் கூடுதல் காலம் பிடித்தது.

காரணம் ஊகிக்கக்கூடியதே. தரகருக்குப் பட்டியலில் கமிஷன் தெரியும். ஒரு வீட்டில் 12 ஆயிரம் கிடைக்கும், பக்கத்து வீட்டில் 4 ஆயிரம்தான் கிடைக்கும் என்றால் எந்த வீட்டுக்கு முதலில் கூட்டிப் போவார்? வாங்குபவருக்கு இந்தக் கணக்குத் தெரியாது. "உங்களுக்கு ஒரு காசு செலவில்லை. என் கூலியை விற்பவர் கொடுத்துவிடுவார்" என்பது தரகர்கள் சொல்லும் வழக்கமான பேச்சாக இருந்தது.

செலவில்லையா? நன்றாக யோசித்துப் பாருங்கள். விற்பவர் தம் வீட்டுக் கிணற்றிலிருந்து டாலர் இறைத்துக் கமிஷன் கொடுக்கவில்லை. வீட்டு விலையிலிருந்து கொடுக்கிறார். அந்த விலையைக் கொண்டு வந்தவர் யார்? வாங்குபவர்தான்! பாங்கில் 30 வருஷக் கடன் வாங்கிக் கொண்டு வருகிறார். கமிஷனும் விலைக்குள் ஒளிந்திருப்பதால் அதற்கும் சேர்த்து வட்டி கட்டுகிறார்.

விற்பவர் "நான் கொடுத்தேன்" என்கிறார். வாங்குபவர் "எனக்குச் செலவில்லை" என்கிறார். இருவர் சொல்வதும் பாதி உண்மைதான். ஒருவர் பேரம் பேசாமல் கொடுத்தார். மற்றவர் தெரியாமல் கொடுத்தார். இந்த வழக்கில் உள்ள முடிச்சு இதுதான் என்பது என் அபிப்பிராயம். 6 வீதம் அதிகமா, குறைவா என்பதைவிட, கூலி கொடுக்கிறவரும் வேலை வாங்குகிறவரும் வெவ்வேறு ஆளாக இருந்ததுதான் வம்பு.

கோர்ட்டில்

மிசௌரி மாகாணத்தில் வீடு விற்றவர்கள் சிலர் 2019-ல் வழக்குப் போட்டார்கள். தங்களுக்காக மட்டும் போடவில்லை. தங்களைப் போல் வீடு விற்ற 2 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களுக்காகவும் சேர்த்துப் போட்டார்கள். எதிரிகள்: தேசியச் சங்கமும், நாடெங்கும் கிளை உள்ள பெரிய தரகுக் கம்பெனிகள் நான்கும்.

விசாரணை தொடங்குவதற்கு முன்பே இரண்டு கம்பெனிகள் ராஜியாகிவிட்டன. மற்றவர்கள் கோர்ட்டில் நின்றார்கள். கான்சஸ் சிட்டி நகரில் ஜூரிகள் முன் இரண்டு வாரம் விசாரணை நடந்தது.

2023 அக்டோபர் 31. ஜூரிகள் தீர்ப்புச் சொன்னார்கள். சங்கமும் கம்பெனிகளும் சேர்ந்து கமிஷனை உயர்த்தி வைத்தது உண்மை; நஷ்ட ஈடு 178 கோடி டாலர்!

தரகர்கள் தலையில் இடி விழுந்தாற்போல் ஆயிற்று. ஏனென்றால், அந்த 1890-ம் ஆண்டுச் சட்ட வழக்குகளில், ஜூரிகள் சொன்ன தொகையை மூன்றால் பெருக்கிக் கட்ட வேண்டும். 500 கோடி டாலருக்கு மேல் வரும். இதைப் பார்த்து மற்ற மாகாணங்களிலும் அடுத்தடுத்து வழக்குகள் கிளம்பின.

2024 மார்ச் 15-ந் தேதி சங்கம் ராஜிக்கு வந்தது. 41 கோடியே 80 லட்சம் டாலரைத் தவணையாகக் கட்டுவதாக ஒப்புக்கொண்டது. தப்புச் செய்ததாக ஒப்புக்கொள்ளவில்லை! எஞ்சிய இரண்டு கம்பெனிகளும் ராஜியாயின. ஒன்று 7 கோடி டாலர், மற்றொன்று 25 கோடி டாலர். சங்கத்தின் ராஜியை 2024 நவம்பர் 26-ந் தேதி கோர்ட்டு இறுதியாக அங்கீகரித்தது.

பணத்தைவிடப் பெரிய விஷயம், சங்கம் தன் விதிகளை மாற்றச் சம்மதித்தது.

கையெழுத்துப் போட்டால்தான் கதவு திறக்கும்

புதிய விதிகள் இரண்டு.

பட்டியலில், வாங்குபவரின் தரகருக்கு என்ன கமிஷன் என்று இனி எழுதக் கூடாது. எந்த வீட்டைக் காட்டினால் எவ்வளவு கிடைக்கும் என்று தரகர் பட்டியலைப் புரட்டிப் பார்க்க முடியாது. இது ஒன்று.

மற்றொன்று, மகன் போனில் கேட்ட காகிதம். வீட்டைக் காட்டுவதற்கு முன்பே தரகரும் வாங்குபவரும் ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். தரகருக்கு என்ன கூலி என்பது அதில் தெளிவாக இருக்க வேண்டும். விலையில் இத்தனை வீதம் என்று எழுதலாம். மொத்தமாக இத்தனை டாலர் என்று எழுதலாம். மணிக்கு இவ்வளவு என்றும் எழுதலாம். ஒன்றுமே இல்லை என்றுகூட எழுதலாம். ஆனால் "விற்பவர் கொடுப்பதை நான் எடுத்துக்கொள்வேன்" என்று மொட்டையாக எழுதக் கூடாது.

எழுதிய தொகைக்கு மேல் எந்த வழியிலும் ஒரு டாலர்கூடத் தரகர் வாங்கக் கூடாது. இரண்டு வீதம் என்று கையெழுத்தான பிறகு, விற்பவர் மூன்று வீதம் தர முன்வந்தாலும் அந்த மூன்றாவது வீதம் தரகருக்கு இல்லை. கமிஷன் பேசி முடிவு செய்யக்கூடியது, எந்தச் சட்டமும் அதை நிர்ணயிக்கவில்லை என்பதையும் அந்தக் காகிதத்தில் பளிச்சென்று அச்சடித்திருக்க வேண்டும்.

யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம் என்று வீட்டைத் திறந்து வைக்கும் நாட்கள் உண்டு. தரகர் இல்லாமல் அங்கே தானாகப் போய்ப் பார்ப்பவருக்கு இந்த ஒப்பந்தம் தேவை இல்லை.

ஆகவே மகனுக்குச் சொல்ல வேண்டியது இதுதான்: கையெழுத்துக் கேட்பது ஏமாற்று அல்ல, விதி. ஆனால் தொகை எவ்வளவு, எத்தனை நாளைக்கு இந்த ஒப்பந்தம், விற்பவர் கொடுக்காவிட்டால் யார் கொடுப்பது என்ற மூன்றையும் படித்துப் பார்த்த பிறகு கையெழுத்துப் போடட்டும். மூன்று வீதம் என்று எழுதி நீட்டினால் இரண்டு வீதத்துக்குக் கேட்டுப் பார்க்கட்டும். ஒரே ஒரு நாள், ஒரே ஒரு வீட்டைப் பார்க்க மட்டும் என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளவும் வழி உண்டு.

முதல் வீடு வாங்குபவர் பாடு

நல்ல விதிதான். ஆனால் இதில் சிக்கலும் இருக்கிறது.

இளம் தம்பதிகள் முதல் வீடு வாங்குகிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் எல்லாம் முன்பணத்துக்கே சரியாய்ப் போய்விடும். இப்போது தரகருக்கு 8 ஆயிரம், 10 ஆயிரம் டாலர் ரொக்கமாகக் கொடு என்றால் எங்கே போவார்கள்? பாங்குகள் பொதுவாக வீட்டு விலைக்குத்தான் கடன் கொடுக்கும். தரகர் கூலிக்குத் தனியாகக் கொடுக்காது. விலைக்குள் ஒளிந்திருந்தவரை கமிஷனுக்கும் கடன் கிடைத்தது. வெளியே வந்ததும் கிடைக்கவில்லை!

முன்னாள் ராணுவ வீரர்கள் நிலை இன்னும் மோசம். அவர்களுக்குச் சர்க்கார் உத்தரவாதத்துடன் வீட்டுக் கடன் உண்டு. அந்தத் திட்டத்தில், வீரரின் நலனுக்காகவே, அவர் தரகருக்குக் கமிஷன் கொடுக்கக் கூடாது என்று பழைய விதி ஒன்று இருந்தது. புதிய முறை வந்தால் அவர் தரகரே வைத்துக்கொள்ள முடியாது! ஆகவே 2024 ஆகஸ்டில் அந்தப் பழைய விதியைச் சர்க்கார் தாற்காலிகமாக நிறுத்தி வைத்தது.

இதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார்கள். வாங்குபவர் விலை சொல்லும்போதே, "4 லட்சம் தருகிறேன். அதில் என் தரகருக்கு 10 ஆயிரம் நீங்கள் கொடுத்துவிடுங்கள்" என்று கேட்கலாம். ராஜியில் இதற்குத் தடை இல்லை. விற்பவர் சம்மதித்தால் சரி. மறுத்தால் பேரம்.

பழைய முறைதானே திரும்பி வந்துவிட்டது என்கிறீர்களா? பார்வைக்கு அப்படித்தான். ஆனால் முன்பு அது முன்கூட்டியே முடிவானது. இப்போது மேஜைமேல் வைத்துப் பேசப்படுகிறது.

கமிஷன் குறைந்ததா? அதிகம் குறையவில்லை. வாங்குபவரின் தரகருக்குப் போகும் பங்கு, விதி மாறி ஓர் ஆண்டு ஆன பிறகும், சராசரியாக 2.4 வீதத்தை ஒட்டியே நின்றது. தீர்ப்பு வந்ததும் கமிஷன் பாதியாகிவிடும் என்று ஜோசியம் சொன்னவர்கள் ஏமாந்தார்கள். பழக்கம் லேசில் போகாது. தரகருக்குக் கொடுக்காவிட்டால் ஆள் கூட்டி வரமாட்டார் என்ற பயம் விற்பவருக்கு இன்னும் இருக்கிறது. தரகரிடம் கூலி பேசுவது மரியாதை இல்லை என்ற கூச்சம் வாங்குபவருக்கு. கடைக்காரரிடம் கத்திரிக்காய்க்குப் பேரம் பேசும் அம்மாள், டாக்டரிடம் பீசுக்குப் பேரம் பேசுவாரா? அதுபோலத்தான்.

மற்ற நாடுகளில்

இங்கிலாந்தில் தரகுக் கமிஷன் பொதுவாக ஒன்று அல்லது ஒன்றரை வீதத்தை ஒட்டித்தான் இருக்கும். விற்பவர் தம் தரகருக்குக் கொடுப்பார். வாங்குபவர் பெரும்பாலும் தரகர் வைத்துக்கொள்வதே இல்லை. ஜெர்மனியில் வாங்குபவர் தலையில் முழுக் கமிஷனையும் கட்டும் வழக்கம் பல இடங்களில் இருந்தது. 2020 டிசம்பர் 23 முதல் சட்டம் மாறிற்று. குடும்பங்கள் வாங்கும் வீட்டில், விற்பவர் தரகரை அமர்த்தியிருந்தால் வாங்குபவர் மீது பாதிக்கு மேல் சுமத்தக் கூடாது.

நம் ஊரில்

அமெரிக்காவில் ஒரே தரகர் இரண்டு பக்கத்துக்கும் ஆளாக இருப்பதைச் சந்தேகத்துடன் பார்க்கிறார்கள். கொலராடோ, புளோரிடா, கான்சஸ் போன்ற மாகாணங்களில் அதற்குத் தடையே உண்டு. நம் ஊரிலோ அதுதான் வழக்கம்! ஒரே தரகர், விற்பவரிடம் ஒரு வீதம் அல்லது இரண்டு வீதம், வாங்குபவரிடமும் அதே மாதிரி வாங்கிக்கொள்கிறார். விற்பவரிடம் "இந்த விலைக்கு மேல் போகாது, அண்ணாச்சி" என்பார். வாங்குபவரிடம் "இதற்குக் குறைந்து வராது, சார்" என்பார். இரண்டும் ஒரே வாய்!

நம்மிடமும் சட்டம் இல்லாமல் இல்லை. 1872-ம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றும் அமலில் இருக்கிறது. வேறுவிதமாகப் பேசிக்கொள்ளாவிட்டால், ஒப்புக்கொண்ட காரியம் முடிந்த பிறகுதான் ஏஜெண்டுக்குக் கூலி பாக்கி ஆகிறது என்கிறது அதன் 219-வது பிரிவு. நாணயக் குறைவாக நடந்தால் அந்தக் காரியத்துக்குக் கூலி கிடையாது என்கிறது 220-வது பிரிவு. நமக்குத் தெரியாமல் ஏஜெண்டு தன் சொந்தக் கணக்கில் வியாபாரம் செய்து லாபம் அடித்தால், அந்த லாபத்தை நாம் கேட்டு வாங்கலாம் என்கிறது 216-வது பிரிவு.

புதிதாகக் கட்டும் அடுக்குமாடி வீடுகளுக்கும் மனைப் பிரிவுகளுக்கும் 2016-ல் ரியல் எஸ்டேட் சட்டம் வந்தது. அந்தச் சட்டப்படி பதிவான திட்டங்களில் வீடோ மனையோ விற்றுத் தரும் ஏஜெண்டும் தம்மைப் பதிவு செய்துகொண்டு நம்பர் வாங்க வேண்டும். ஒவ்வொரு விற்பனையிலும் அந்த நம்பரைக் குறிப்பிட வேண்டும். கேட்டுப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு.

பழைய வீடு கைமாறும்போது அந்தச் சட்டம் துணைக்கு வராது. அங்கே எல்லாம் வாய்ப் பேச்சுதான். "கமிஷனா? அது கிடக்கட்டும் சார், முதலில் வீடு முடியட்டும்" என்று தரகர் சொல்வார். வீடு முடியும். பத்திர ஆபீஸ் மரத்தடியில் அவர் ஒரு தொகை சொல்வார். வாங்கியவர் முகம் சுருங்கும். அட்வான்ஸ் கொடுக்கும் நாளிலேயே, யார் எவ்வளவு, எந்த நாளில் கொடுப்பது என்று ஒரு தாளில் எழுதித் தரகரிடமும் கையெழுத்து வாங்கிக்கொண்டவர்களுக்கு அந்த மரத்தடியில் வேலை இல்லை. கையெழுத்துப் போடத் தயங்கும் தரகரிடம், அதே ஆளிடமிருந்து அவர் மறு பக்கம் எவ்வளவு வாங்குகிறார் என்பதையும் கேட்டுவிடலாம்.